நான்காவது தட்டு

அத்தியாயம் 11

ஆயிற்று, அந்த வியாழக்கிழமை வந்தேவிட்டது.

ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது வந்த போனை அனந்தி எப்படிக் காதில் வைத்தாள், கையிலிருந்த பையை எப்படிக் கீழே போட்டாள் என்பதையெல்லாம் போன வாரம் பார்த்தோம். திண்டிவனம் சாலையில் கடலை மிட்டாய் போடுகிற பூங்குன்று ஃபுட்ஸில் குவாலிட்டி பார்க்க ஆள் வேண்டுமாம். வியாழன் மூன்று மணிக்கு இன்டர்வியூ. சாப்பிடும்போது இதைச் சொன்னதும் அம்மா சந்தனா சாமி மாடத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். நைனா குந்துநாதனின் கை மட்டும் சோற்றிலேயே நின்றுவிட்டது. சந்தோஷம் ஆளுக்கு ஒரு விதமாக வரும்போல என்று அனந்தி நினைத்துக்கொண்டாள்.

பதினான்கு மாதம் ஆகிறது அவளுக்கு வேலை போய். சென்னையில் ஒரு மசாலா கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் இருந்தாள். ஒருநாள் காலையில் போனால் கதவில் பூட்டு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு செஞ்சிக்கு வந்தவள் ஒரு வாரம் அழுதாள். எட்டாவது நாள் எழுந்து, கடைத்தெருவுக்குப் போய், ஒரு வருகைப் பதிவேடு வாங்கி வந்தாள்.

ஆமாம், ஆபீஸ்களில் இருக்குமே, அதேதான். காலை ஒன்பதுக்கு இஸ்திரி போட்ட சுடிதாரில், வீட்டு முன்கட்டில் நைனாவின் வேர்க்கடலை மூட்டைகளுக்குப் பக்கத்தில் போட்ட மேஜையில் உட்கார்ந்துவிடுவாள். வந்த நேரம் எழுதிக் கையெழுத்து. தினம் ஒரு விண்ணப்பமாவது போட வேண்டும், ஒரு பாடமாவது படிக்க வேண்டும். சாயங்காலம் போகும் நேரம் எழுதிக் கையெழுத்து. சம்பளம் ஒன்றுதான் கிடையாது, மற்றபடி சுத்தமான ஆபீஸ். ஒருநாள் காய்ச்சலில் படுத்தபோது லீவ் லெட்டர் எழுதி அதிலேயே செருகி வைத்தாளென்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தெருவே சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும், உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

கூடவே ஒரு விரதமும் உண்டு. பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை என்பது இவர்களைப் போன்ற சமண வீடுகளில் வழிவழியாக வரும் வழக்கம்தான். ஆனால் சென்னை ஹாஸ்டலில் ராத்திரி ஒன்பதரைக்கு அவள் பரோட்டா தின்ற கதை அம்மாவுக்குத் தெரியாது. வேலை போன பிறகு மேல்சித்தாமூர் கோயிலுக்குப் போனவள், மறுபடி வேலை கிடைக்கிறவரை அஸ்தமனத்துக்குப் பிறகு பல்லில் ஒன்றும் படாது என்று வேண்டிக்கொண்டு வந்தாள். பதினான்கு மாதத்தில் ஒருநாள்கூடத் தவறவில்லை.

வியாழக்கிழமை காலையிலிருந்தே அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. சான்றிதழ்களை எடுத்து வைத்தாள், மறுபடி எடுத்துப் பார்த்தாள், மறுபடி வைத்தாள். பதிவேட்டில் 'இன்டர்வியூ, அரை நாள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டபோது அவளுக்கே சிரிப்பு வந்தது. படபடப்பில் மத்தியானச் சோறு இறங்கவில்லை. அம்மா டிபன் பாக்ஸில் எலுமிச்சை சாதம் அடைத்து, அஞ்சு மணிக்குள்ள வாயில போட்டுடு என்று பத்துத் தடவை சொன்னாள்.

வழக்கமாக இன்டர்வியூ என்றால் நைனா பேப்பருக்குப் பின்னாலிருந்து "போய்ட்டு வா" என்பதோடு சரி. இன்றைக்கு அவராகவே எக்ஸ்எல் வண்டியைத் துடைத்து வாசலில் நிறுத்தியிருந்தார். ஐம்பத்தாறு வயது மனிதர், தான் கடலை கொடுக்கிற கம்பெனி என்பதாலோ என்னவோ வெள்ளைச் சட்டை வேறு. வழியெல்லாம் கேள்வி. எழுத்துப் பரீட்சையா, வாய்ப் பரீட்சையா, சரக்கு ஏதாவது காட்டிக் கேட்பார்களா, அந்தச் சரக்கு எந்த லோடில் எடுத்ததாக இருக்கும்? அனந்திக்குச் சிரிப்பாக வந்தது.

"உனக்கு இன்னா நைனா இவ்ளோ டென்ஷன்? இன்டர்வியூ எனக்கா, உனக்கா?"

அவர் ஒரு பஸ்ஸுக்கு வழிவிட்டார்.

கம்பெனியில் அவளோடு சேர்த்து ஒன்பது பேர். மூன்று மணி என்றார்களே தவிர, முதலாளியம்மா ஷோபனா விழுப்புரத்தில் மாட்டிக்கொண்டார், வர நேரமாகும் என்றார்கள். எழுத்துப் பரீட்சையை மட்டும் முடித்துவிட்டு உட்கார வைத்தார்கள். பக்கத்து நாற்காலியில் சிங்கவரத்திலிருந்து வந்த வெண்மதி. இரண்டு வருடமாக வேலை தேடுகிறாளாம். பதிவேட்டுக் கதையை அனந்தி சொன்னதும் அவள் சிரிக்கவில்லை. நல்ல யோசனையா இருக்குதே, நானும் ஒண்ணு வாங்கிடறேன் என்றாள். அந்த ஒரு வார்த்தையில் அனந்திக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போய்விட்டது.

மணி ஐந்தேகாலுக்கு ஷோபனா வந்து இறங்கினார். நாற்பத்தைந்து வயதிருக்கும். காட்டன் புடவை, காலில் ரப்பர் செருப்பு, நடையில் அப்படி ஒரு வேகம். விடைத்தாள்களைப் பார்த்து ஏழு பேரை அனுப்பிவிட்டார்கள். மிச்சம் வெண்மதியும் அனந்தியும்.

இரண்டே பேர்! முதலில் வெண்மதியைக் கூப்பிட்டார்கள். அந்த இடைவெளியில் அனந்தி கேட்டுக்கு ஓடினாள். நைனா புங்க மரத்தடியில் வண்டிமேல் உட்கார்ந்து, டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். மேற்கே ராஜகிரி மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கிவிட்டிருந்தது. மலை மறைச்சா அஸ்தமனம் ஆயிடுமா, காலண்டர்ல ஆறு பதினேழுன்னு போட்டிருக்குது, இன்னும் அரை மணி நேரம் இருக்குது, சாப்டு என்று அவர் மூடியைத் திறந்தார். எலுமிச்சை வாசனை வந்தது, பசி வயிற்றைக் கிள்ளியது. கையை நீட்டினாள். உள்ளேயிருந்து அவள் பேரைக் கூப்பிட்டார்கள்.

நீட்டிய கையை இழுத்துக்கொண்டு ஓடினாள்.

இன்டர்வியூ நன்றாகவே போயிற்று. படிப்பு, பழைய வேலை, இயந்திரங்களின் பெயர் எல்லாவற்றுக்கும் பட்டென்று பதில் சொன்னாள். பதினான்கு மாதம் என்ன செய்தாய் என்று ஷோபனா கேட்டபோதுதான் கொஞ்சம் தயங்கினாள். பிறகு பதிவேட்டைப் பற்றிச் சொல்லிவிட்டாள். ஷோபனா சிரித்துவிட்டு, "லீவ் லெட்டர் கூடவா?" என்றார். வெண்மதியையும் உள்ளே கூப்பிட்டு, இரண்டு பேரையும் பரிசோதனை அறைக்கு அழைத்துப் போனார்.

நீள மேஜையில் ஐந்து எவர்சில்வர் தட்டு. ஒவ்வொன்றிலும் ஒரு கை வறுக்காத வேர்க்கடலை, ஓடு உடைத்தது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வியாபாரி அனுப்பிய லோடிலிருந்து எடுத்ததாம். இதில் ஒரு லோடு சரியில்லை, மிஷின் சொல்லிவிட்டது, அந்த ரிப்போர்ட் இந்தக் கவருக்குள் இருக்கிறது. மிஷின் ரிப்போர்ட் வர இரண்டு நாள் ஆகும், லாரி கேட்டில் நிற்கும்போது நாக்குதான் சொல்ல வேண்டும். மென்று பார்த்து எந்தத் தட்டு என்று சொல்லுங்கள் என்றார் ஷோபனா.

சுவர்க் கடிகாரத்தில் ஆறு இருபத்தைந்து. ஜன்னலுக்கு வெளியே ட்யூப் லைட் எரியத் தொடங்கியிருந்தது.

அனந்தி காலண்டரின் ஆறு பதினேழை நினைத்தாள். எட்டு நிமிஷம். வெறும் எட்டே நிமிஷம் பிந்திவிட்டது.

வெண்மதி முதலில் போனாள். ஒவ்வொரு தட்டிலும் எடுத்து மென்றாள், கண்ணை மூடினாள், தண்ணீர் குடித்தாள், மறுபடி மென்றாள். கடைசியில் இரண்டாவது தட்டைக் காட்டினாள். ஷோபனா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. குறித்துக்கொண்டு அனந்தியைப் பார்த்தார்.

அனந்தி அப்படியே நின்றாள். வேலை கிடைக்க வேண்டும் என்றுதான் அந்த விரதம். இப்போது வேலை கிடைக்க வேண்டுமென்றால் அதை விட வேண்டும். இதென்ன கொடுமை என்று அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. விஷயத்தைச் சொன்னாள். பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டேன், எங்கள் வீட்டு வழக்கம், எனக்கு அது விரதமும்கூட.

"இது சாப்பாடு இல்லம்மா, வேலை," என்றார் ஷோபனா. குரலில் கோபம் இல்லை. "மென்னு துப்பிடு. யார் பாக்கப் போறாங்க?"

யாரும் பார்க்கப் போவதில்லை, அது வாஸ்தவம்தான். பதினான்கு மாதமாக அந்தப் பதிவேட்டையும்தான் யாரும் பார்க்கவில்லை. அதில் ஒருநாளாவது வராமலே வந்ததாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறாளா? இல்லை. அதை நினைத்ததும் அவளுக்குப் பயம் விட்டுப்போயிற்று.

"மேடம், மெல்லாம கண்டுபிடிச்சா ஒத்துப்பீங்களா?"

ஷோபனா வெண்மதியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "தப்பாச்சுன்னா இன்னொரு சான்ஸ் கிடையாது."

"சரி மேடம். வெள்ளைப் பேப்பர் அஞ்சு வேணும்."

அவள் வளர்ந்ததே மூட்டைகளுக்கு நடுவில்தான். கண்ணாமூச்சி ஆடி ஒளிந்ததும் அங்கே, பத்தாம் வகுப்புப் பாடத்தை உருப்போட்டதும் அங்கே. யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்ததில்லை. எந்த மூட்டை காய்ந்தது, எது காயவில்லை என்று அவள் மூக்குக்கே தெரியும். நைனாகூடச் சில நாள் கூப்பிட்டு முகர்ந்து பார்க்கச் சொல்வார்.

முதல் தட்டில் ஒரு பருப்பை எடுத்து இரண்டாக உடைத்தாள். 'டக்'கென்று உடைந்தது. நன்றாகக் காய்ந்தது. காகிதத்தில் வைத்து நகத்தால் நசுக்கி முகர்ந்தாள். ஒரு பிடி எடுத்து இரண்டு கைக்குள்ளும் பொத்திச் சூடேற்றி மூக்குக்குக் கொண்டுபோனாள். பால் வாசனை. இது நல்ல சரக்கு.

இரண்டாவது சின்னப் பருப்பு, சிவப்பு ஏறியது. வெண்மதி ஏமாந்தது இங்கேதான். அந்த ரகம் கொஞ்சம் கசக்கும், ஆனால் கெட்டதில்லை. மூன்றாவதில் ஈரம் லேசாக இருந்தது, ஒரு வெயில் போதும். ஐந்தாவது முதல்தரம்.

நான்காவதில் கை நின்றது.

பொத்தி முகர்ந்தால் முதலில் நல்ல வாசனைதான் வந்தது. இன்னொரு பிடி எடுத்தாள். இதில் அடியில், ரொம்ப அடியில், பழைய எண்ணெய் டப்பாவைத் திறந்தால் வருமே, அந்தக் காறல். பருப்புகளைக் காகிதத்தில் பரப்பினாள். ஒவ்வொன்றாக உடைத்து உள்பக்கம் திருப்பி வைத்தாள். சிலது பால் வெள்ளை. சிலதில் பழுப்பு ஏறியிருந்தது. மூச்சு வேகமாக வர, பத்துப் பத்தாக ஒதுக்கி எண்ணினாள்.

"நாலாவது தட்டு மேடம். முழுக்கக் கெட்டுப்போன சரக்கு இல்லை. ரெண்டு அறுவடை கலந்திருக்குது. புதுசோட போன வருஷத்துது. பத்துக்கு மூணு பழசு இருக்கும்."

ஷோபனா கவரைப் பிரித்தார். படித்தார். திரும்ப ஒருமுறை படித்தார். காகிதத்தை அனந்தி பக்கம் தள்ளினார். நான்காவது லோடு, காறல் அளவு அதிகம், சேர்க்கக் கூடாது என்று இருந்தது. கலப்பு என்று மிஷின்கூடச் சொல்லவில்லை.

"நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு வந்துடு," என்றார் ஷோபனா. "ஆர்டர் அடிச்சு வைக்கச் சொல்றேன். வெண்மதி, உன்னையும் நான் விடறதா இல்ல. பேக்கிங்ல ஒரு இடம் இருக்குது, நாளைக்கு வந்து பேசு."

வெண்மதி அனந்தியின் கையைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினாள். அனந்திக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. குதிக்கவும் செய்தாள், கொஞ்சமாக. முந்நூற்று அறுபத்தொரு விண்ணப்பம், பதினான்கு மாதம், தெருவின் அத்தனை சிரிப்பு, எல்லாம் அந்த ஒரு குதியில் கீழே விழுந்தன.

"முதல் வேலை இப்பவே இருக்குது," என்று ஷோபனா ஒரு சீட்டுக் கட்டை நீட்டினார். லோடைத் திருப்பி அனுப்பும் சீட்டு. யார் கண்டுபிடிக்கிறார்களோ அவர்கள்தான் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், அது இங்கே வழக்கம். தட்டுக்கு அடியில் வியாபாரி பேர் ஒட்டியிருக்கும், பார்த்து எழுது என்றார். ஒருமுறை திருப்பினால் ஆறு மாதத்துக்கு அந்தக் கடையில் சரக்கு எடுப்பதில்லையாம்.

அனந்தி நான்காவது தட்டைத் தூக்கித் திருப்பினாள்.

'சந்தனா டிரேடர்ஸ், செஞ்சி. 42 மூட்டை.'

அம்மா பேர்தான் கடைக்கு. நைனா கல்யாணமான வருடம் வைத்த பேர்.

ஈரம் காயாத சரக்கு என்று தெரிந்து ஒரு லோடையே வாங்காமல் திருப்பியவர் நைனா. அவரா கலந்தார்? சோற்றில் நின்ற கை ஞாபகம் வந்தது. எந்த லோடில் எடுப்பார்கள் என்ற கேள்வி ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வருகிற சரக்கில் பாதிக்கு மேல் இந்தக் கம்பெனிக்குத்தான் போகிறது. இந்தச் சீட்டில் கையெழுத்துப் போட்டால் ஆறு மாதத்துக்குக் கடையில் தராசு தூங்கும்.

"இன்னாம்மா, பேனா எழுதலையா?"

எழுதியது. 'சந்தனா டிரேடர்ஸ். இரண்டு அறுவடை கலப்பு. பத்துக்கு மூன்று பழையது. திருப்பி அனுப்பவும்.' கீழே தினமும் இரண்டு முறை போட்டுப் பழகிய அதே கையெழுத்து. ஒரு எழுத்துகூடக் கோணவில்லை. சீட்டைக் கிழித்து ஒரு பிரதியை ஷோபனாவிடம் கொடுத்தாள்.

"மேடம், ஒண்ணு சொல்லணும். இது எங்க நைனாவோட கடை."

ஷோபனா சீட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "உங்க கடைன்னு பாத்துட்டா கையெழுத்துப் போட்ட?"

"பாத்துட்டுத்தான் போட்டேன்."

அவர் சீட்டைக் கவரோடு சேர்த்து மடித்து வைத்தார். கைக்கு வந்தது போயிற்று என்றே அனந்தி நினைத்துவிட்டாள்.

"எட்டு மணின்னா எட்டு மணி," என்றார் ஷோபனா. "லேட்டானா எனக்குப் பிடிக்காது. இந்தா, வியாபாரிக்குக் குடுக்க வேண்டிய காப்பி. போற வழியில நீயே குடுத்துடு."

மரத்தடியில் நைனா எழுந்து நின்றிருந்தார். டிபன் பாக்ஸ் வண்டிக் கைப்பிடியில் தொங்கியது. "இன்னாம்மா ஆச்சு?" என்றார்.

"கெடச்சிடுச்சு நைனா. நாளைக்கு ஜாயின் பண்ணணும்."

அவர் சிரித்தார். முகமே சிரிப்பாகி, கண்ணில் தண்ணீர் வந்து, அதை வெள்ளைச் சட்டைக் கையால் துடைத்தார். விரதம் முடிஞ்சுதே, இன்னிக்கு ஒருநாள் வழக்கம் பாக்காத, சாப்டு, சாப்டு என்று டிபனை எடுக்கப் போனார். அப்போதுதான் அவள் கையிலிருந்த சீட்டைப் பார்த்தார்.

அவள் நீட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ட்யூப் லைட் பக்கம் திரும்பி, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். கையெழுத்து இருந்த இடத்தில் விரல் நின்றது.

"உன் கையெழுத்து," என்றார்.

"ஆமா நைனா."

சீட்டை நாலாக மடித்து, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். வண்டியில் ஏறி உட்கார்ந்தார். அனந்தி பின்னால் ஏறவில்லை, நின்றாள். அவர் திரும்பாமலே பேசினார்.

"பத்துக்கு மூணு இல்லம்மா. நாலு."

ஏன் நைனா என்று கேட்டாள். இரண்டு முறை கேட்டாள். அம்மா காத்திருப்பாள், முதலில் வேலை விஷயத்தை மட்டும் சொல்லலாம் என்றார். கிளம்புவதற்காகக் காலைத் தூக்கியவர், மிதிக்காமல் நிறுத்தினார்.

"காலையில வண்டி எடுத்துக்குனு திருப்புன மூட்டையை ஏத்த நான்தான் வருவேன். கேட்ல நீ நிப்ப. அங்க எல்லார் முன்னாடியும் என்னை நைனான்னு கூப்டாத. சந்தனா டிரேடர்ஸ்னு கூப்டு."